வீங்கிய தலை

செண்பகவல்லியின் மானிட்டர் பட்டனை அழுத்தினால் இரண்டு நொடி ஒளிரும், பிறகு இருண்டுவிடும். "இன்னைக்குச் சரியாகலைன்னா பழைய சாமான்காரருக்குத்தான்" என்றபடி அவள் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

மிக்ஸி, மின்விசிறி என்று பலதையும் திறந்து பழகிய ஸ்க்ரூ டிரைவர், தயங்காமல் மானிட்டரின் முதுகைக் கழற்றி உள்ளே பார்த்தது.

போர்டின் மேல் நின்ற கெப்பாசிட்டர் முந்திக்கொண்டது. "வாங்க. மின்சாரத்தைச் சீரா அனுப்புறது நான்தான். என்கிட்ட ஒரு குறையும் இல்ல. திரைக்குத்தான் வயசாயிடுச்சு, மாத்திடுங்க."



"உங்க தலை ஏன் வீங்கியிருக்கு?" என்று கேட்டது ஸ்க்ரூ டிரைவர்.

"பொறுப்புல இருக்கறவங்க தலை அப்படித்தான் இருக்கும்."

"பக்கத்துல இருக்கறவருக்கும் அதே பொறுப்புதானே? அவர் தலை தட்டையா இருக்கே."

ஸ்க்ரூ டிரைவரின் நுனி அந்த வீக்கத்துக்கு நேராக நின்றது. செண்பகவல்லியும் அதைக் கவனித்துவிட்டாள். சால்டரிங் அயர்ன் சூடாகி வந்து, பழையதைப் பிரித்தெடுத்துப் புதிய கெப்பாசிட்டரைப் பற்றவைத்தது. மூடி, ப்ளக்கைச் சொருகியதும் திரை ஒளிர்ந்தது. அரை மணி நேரம் கழித்தும் அணையவில்லை.

பழைய கெப்பாசிட்டர் கருவிப் பெட்டிக்குள் வந்து விழுந்தது. "நானாத்தான் ஓய்வு கேட்டேன்" என்று குறடிடம் சொல்லிக்கொண்டிருந்தது. "இப்ப அங்க இருக்கறவன் நான் பழக்கிவிட்ட ஆளு."

ஸ்க்ரூ டிரைவர் மறுத்துப் பேசவில்லை. கொஞ்சம் நகர்ந்து அதற்கு இடம் விட்டது.