மஞ்சள் கதவு வீட்டம்மா

“அண்ணன் சொல்ற மஞ்சக் கதவு வீட்டம்மா இவங்கதானான்னு கேளு, பாப்பா.”

ஜீப்பை ஓட்டியபடியே ராஜமாணிக்கம் சொன்னார். பக்கத்தில் இருந்த மகள் அகிலா பின்னால் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள். வெள்ளைக்கார அம்மாள் வியப்போடு தலையாட்டினார். ஆமாம், தன் வீட்டுக் கதவு மஞ்சள்தான்; தன் பெயர் ஜோன்தான்.

ராஜமாணிக்கத்தின் மகன் செந்தமிழன் இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே தெரு, அறுபது வீடு, ஒரு சர்ச், ஒரு கடை. ஒரு நாளைக்கு இரண்டு பஸ். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டால் பேச்சுச் சத்தமே கேட்காதாம்.

ஞாயிறுதோறும் போனில் அந்த ஊர்க்கதைதான். ஜோன் அம்மாள் தோட்டத்து ஆப்பிளைப் பறித்துக் கொடுத்தது, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டது, ஊரே தன்னை ‘சென்’ என்று செல்லமாகக் கூப்பிடுவது. அந்தமானில், ரங்கத் ஊரில் உட்கார்ந்து கேட்கும் ராஜமாணிக்கத்துக்கும் மனைவி செல்லத்துக்கும் அந்தத் தெரு மனப்பாடம்.

ஜோன் அம்மாள் பறவை பார்க்க அந்தமான் வருகிறாராம், கடையில் பேசிக்கொண்டார்கள் என்று போன மாதம் பேச்சுவாக்கில் சொன்னான். ராஜமாணிக்கம் டிராவல்ஸ்காரரிடம் கெஞ்சி, அந்த அம்மாளின் ரங்கத் சவாரியைத் தானே வாங்கிக்கொண்டார். மகனிடம் மூச்சுவிடவில்லை. பார்த்துவிட்டுச் சொல்லி அசத்த வேண்டும். விவரமாகப் பேச ஆள் வேண்டுமே என்று, மாயாபந்தர் கல்லூரியில் படிக்கிற அகிலாவையும் லீவு போட வைத்து வரவழைத்திருந்தார்.

சதுப்புக் காட்டு ஓரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். “தாதா, தீன் சாய்,” என்று கடைக்காரரிடம் மூன்று டீ சொல்லிவிட்டு, மகளைப் பார்த்தார்.

“அவன் இளைச்சுட்டானா? அங்க பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களா? கேளு.”

அகிலா கேட்டாள். அந்த அம்மாள் நெற்றியைச் சுருக்கி, மெதுவாக, நிறைய பேசினார். அகிலா ஏதோ திருப்பிக் கேட்டாள். அவர் மறுபடியும் பேசினார். அகிலா டீ கிளாஸைப் பார்த்தபடியே அப்பாவிடம் சொன்னாள்.

“நல்லா இருக்கானாம்ப்பா. இளைக்கலையாம். ஊர்ல எல்லாருக்கும் அவனைப் பிடிக்குமாம். தெருவுல நடந்தா நாலு பேராவது நிறுத்திப் பேசுவாங்களாம்.”

ராஜமாணிக்கம் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் எவ்வளவோ கேட்க வேண்டும் என்று வந்தவர், வேறு எதுவும் கேட்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து, செல்லம் கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் டப்பாவை எடுத்தார். அவனிடம் சேர்த்துவிடச் சொன்னார்.

அந்த அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு, பார்த்த பறவைகளை எழுதி வைக்கும் நோட்டை எடுத்து, செந்தமிழனின் பெயரையும் அவன் வேலை பார்க்கும் இல்லத்தின் பெயரையும் அகிலாவிடம் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு, பறவைகளின் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டார்.

விருந்தினர் மாளிகையில் இறங்கும்போது ராஜமாணிக்கத்தின் கையைப் பிடித்து, விடாமல் ஏதோ சொன்னார். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

திரும்பும் வழியெல்லாம் பாக்குத் தோப்புகள். வீடு நெருங்கியதும் ராஜமாணிக்கம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

“அம்மாகிட்டயும், எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லிடு.”

“ஏம்ப்பா அப்படிச் சொல்றீங்க?”

“இருபது வருஷமா டூரிஸ்ட்டுக்கு வண்டி ஓட்டறேன், பாப்பா. இங்கிலீஷ் எனக்குப் பேசத்தான் வராது,” என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “‘அப்படி ஒரு பையன் எங்க ஊர்ல இருக்கறதே எனக்குத் தெரியாதே’ன்னு அந்தம்மா சொன்னது நல்லாவே புரிஞ்சுது.”