அடிமாட்டு விலைக்கு ஒரிஜினல்

"பன்னிரண்டாயிரமா? ஒரு சாஃப்ட்வேருக்கா? கையில பிடிக்க முடியுமா, தராசுல வைக்க முடியுமா? காத்தை விக்கறாங்கம்மா, காத்தை!"

இஞ்சினியர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வரைபடம் போடும் பெண் அசரவில்லை. "போன தடவை எங்கேயோ எழுநூறுக்குத் திருட்டு காப்பி வாங்கினீங்க. இருபதாம் நாளே மெஷின் பூட்டிக்கிச்சு, நாலு பிளான் போச்சு. இவங்க, கம்பெனியே அங்கீகாரம் கொடுத்த ஆன்லைன் டீலர் சார். பில்லோட தர்றாங்க. துணிக்கடை முதலாளி வீட்டு பிளான் வெள்ளிக்கிழமை போயாகணும். அது பிடிச்சாத்தான் அவரோட குடோன் வேலை நமக்கு."

"ஒரிஜினலே வாங்கறேன். ஆனா சொன்ன விலைக்கு வாங்கினா நான் நானில்லை. நகரு!"

செங்கல், மணல், கம்பி எதையும் சொன்ன விலைக்கு வாங்கியறியாத விரல்கள் டீலரின் சாட்டில் இறங்கின.

'தங்கச்சி, கடைசி விலை சொல்லு.'

'ஒரே விலைதான் சார்.'

'தொழில் படுத்துருச்சும்மா. ஆபீஸ் வாடகை மூணு மாசம் பாக்கி.'

பெண் நிமிர்ந்து ஏசியைப் பார்த்தாள். போன வாரம் மாட்டியது. இரண்டாவது.

'வீட்டுல குண்டுமணி நகை இல்லை. சின்னப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டலை.'

"சார், உங்க பையனுக்கே கல்யாணம் ஆயிடுச்சே!"

"வாயை மூடு. பேரம்னா எதிராளி கண்ணுல தண்ணி வரணும்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. துணிக்கடை முதலாளி.

"சார், பிளான் ஃபீஸைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன். நாலு கோடு கிழிக்கறதுக்கு இவ்வளவா?"

இஞ்சினியருக்கு உச்சந்தலை வரை ஏறியது. "கோடா? அது மூளை சார்! உங்க துணி மாதிரி முழம் போட்டு விக்கறதில்லை. மூளைக்கு விலை பேசறவன் மனுஷனே இல்லை. இஷ்டமிருந்தா வாங்க!"

போனை வைத்த கையோடு தட்டினார்: 'தங்கச்சி, இருக்கியா? ஏதாவது பார்த்துப் போடும்மா.'

மூன்று புள்ளிகள் வெகுநேரம் துள்ளின.

'மனசு கேக்கலை சார். கஷ்டத்துல இருக்கறவங்களுக்குன்னு கம்பெனி தர்ற சலுகை உரிமம் மாசத்துக்கு ஒண்ணு எங்ககிட்ட வரும். இந்த மாசம் அது உங்களுக்கு. ரெண்டாயிரம்தான். ஒரு நிபந்தனை உண்டு. படிச்சுட்டு சம்மதம் கொடுங்க.'

படிப்பதாவது! அவள் மனசு மாறுவதற்குள் சம்மதத்தை அழுத்தினார்.

"பார்த்தியா? பன்னிரண்டு ரெண்டாச்சு! உன்கிட்ட விட்டிருந்தா முழுசா அழுதிருப்பே."

அடுத்த மூன்று நாளும் இந்த வெற்றிக் கதையை வந்தவர் போனவரெல்லாம் கேட்டாக வேண்டியிருந்தது. தண்ணி கேன் போட வந்தவர்கூடத் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை துணிக்கடை முதலாளி வந்து உட்கார்ந்தார்.

"சார், பிரிண்ட்டுக்கு அடியில..." என்று பெண் ஆரம்பித்தாள்.

"பிரிண்ட் வந்துச்சா இல்லையா? வந்துச்சுல்ல, கொண்டா!"

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாளில் வெகுநேரம் நின்றார். முகம் மாறியது.

'ஆரம்பிக்கப்போறான்' என்று இஞ்சினியர் முந்திக்கொண்டார். "ஒத்தைப் பைசா குறையாது, சொல்லிட்டேன்."

"ஐயோ, குறைக்கறதா? உங்க நிலைமை தெரியாம பேசிட்டேன். மன்னிச்சுடுங்க."

முழு ஃபீஸையும் எண்ணி வைத்தார். அதன்மேல் தனியாக ஒரு ஐநூறு. "இது வீட்டுச் செலவுக்கு. கூச்சப்படாம வச்சுக்குங்க. குடோன் பெரிய வேலை. இந்த நேரத்துல அதையும் உங்க தலையில கட்டினா பாவம். வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ஒரு செட்டை எடுத்துக்கொண்டு, இஞ்சினியரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன நிலைமை? யாரைச் சொல்றான்?"

பெண் மிச்சமிருந்த செட்டை அவர் பக்கம் திருப்பி, அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள். எல்லாத் தாளிலும் அதே வரி, கொட்டை எழுத்தில்:

'வறுமையில் வாடும் தொழில்முனைவோருக்கான கருணை உரிமத்தில் வரையப்பட்டது.'