ஆறு றெக்கைத் தூதன்

சாட்சி சொல்லும் நேரத்தில் இருசப்பன் மறுபடியும் சிரித்துவிட்டான். இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.

சபையே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மேரிசெல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முன்னால் மைக்கைப் பிடித்தபடி நின்ற தனக்கோடி மேஸ்திரி முறைத்தார். மரக்காணம் உப்பளத்தில் அறுபது பேரை வேலை வாங்குகிறவர். அந்த அறுபது பேரில் இருசப்பனும் ஒருத்தன். அவன் சிரிப்பதா?

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும்! சுனாமி அன்னிக்கு வாய்க்கால் தண்ணி என்னைச் சுருட்டிக்கிட்டுப் போச்சு. அப்பதான் ஆண்டவர் தூதனை அனுப்பினார். ஆறடி உசரம்! வெள்ளை அங்கி! ஆறு றெக்கை!"

போன ஈஸ்டருக்கு ரெண்டு றெக்கைதான் இருந்தது.

"என் தலைமுடியைப் பிடிச்சு அலாக்கா தூக்கி, உப்புக் குவியல் மேல வெச்சுட்டு மறைஞ்சே போயிட்டார். அவர் மேல அப்படி ஒரு வாசனை, மல்லிப்பூ மாதிரி!"

இருசப்பன் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். அப்படியும் தோள் குலுங்கியது.

"என்னை எதுக்குக் காப்பாத்தினார்? தம்முடைய மகிமைக்காக!"

"அல்லேலூயா!" என்றது சபை.

ஆராதனை முடிந்ததும் மேஸ்திரி நேராக பாஸ்டர் அறிவழகனிடம் வந்தார்.

"ஒண்ணு அவன் உள்ள உட்காரணும், இல்ல நான் சாட்சி சொல்லணும். ரெண்டுல ஒண்ணு நீங்களே முடிவு பண்ணுங்க பாஸ்டர்."

பாஸ்டர் இருசப்பனைச் சபைக்கு வெளியே ஓரமாகக் கூப்பிட்டார். மேரிசெல்வியும் கூடவே போனாள்.

"ஏம்பா, நீ ஞானஸ்நானம் எடுக்கலைன்னாலும் சம்சாரத்தோட வாரம் தவறாம வர்றே, சந்தோஷம். ஆனா மனுஷனைப் படைச்சதே தேவனை மகிமைப்படுத்தத்தான். அந்த நேரத்துல பல்லைக் காட்டலாமா?"

"தப்புதாங்க பாஸ்டர். அடுத்த வாரத்துலேர்ந்து வெளியிலயே நிக்கிறேன்."

மேரிசெல்விக்குப் பொறுக்கவில்லை.

"இவரு எதுக்கு வெளியில நிக்கணும்? அந்தத் தூதனே இவருதான் பாஸ்டர்!"

"என்னம்மா சொல்றே?"

"ஏய், சும்மா இரு" என்றான் இருசப்பன்.

"எத்தினி நாளு சும்மா இருக்கிறது? மேஸ்திரி அன்னிக்குக் கண்ணு தெரியாத போதையில மிதந்தாரு. இவருதான் குதிச்சு முடியைப் பிடிச்சு இழுத்தாரு. ஆறடியாம்! இவரு எக்கி நின்னாலும் அஞ்சடி. வெள்ளை அங்கியாம்! கட்டியிருந்த லுங்கியைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போய் வெறும் கோமணத்தோட நின்னாரு. மல்லிப்பூவாம்! சேத்து நாத்தம் நாலு நாளு போகலை."

"அப்போ மறைஞ்சு போனதா சொல்றாரே?"

"இன்னும் ரெண்டு பேரு தண்ணியில கத்திக்கிட்டிருந்தாங்க. அவங்களைத் தூக்க ஓடினாரு. அதான் மறைஞ்சுட்டாராம்!"

பாஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிக்கொண்டு இருமி அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

சிரித்து முடித்ததும் இருசப்பனின் தோளைத் தட்டினார்.

"இதை ஏம்பா இத்தனை நாளா சொல்லலை? தேவன் உன்னைத்தானே கருவியா எடுத்திருக்கார்! அந்த மகிமை சபைக்குத் தெரிய வேணாமா? வா, மேஸ்திரி இன்னும் கிளம்பலை. இப்பவே சொல்லிடலாம்."

நடக்கத் தொடங்கியவரின் கையை இருசப்பன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"வேணாங்க பாஸ்டர். ஆண்டவரே தூதனை அனுப்பினாருன்னு நம்பித்தான் அவரு குடியை விட்டாரு. தூக்கினது இந்த இருசப்பன்தான்னு தெரிஞ்சா, நாளைக்கே மறுபடி ஆரம்பிச்சிடுவாரு."

"அதுக்காக..."

"நான் வெளியிலயே நின்னுக்கிறேன். எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

சபை வாசலில் மேஸ்திரியின் மனைவி பூவிழி யாருடனோ பேசியபடி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இருசப்பன் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினான்.

"ஒண்ணேகால் வருஷமாத்தான் பாஸ்டர், அந்தம்மா மூஞ்சில வீக்கம் இல்லாம சபைக்கு வருது."