பங்காளித் துட்டி

போன சித்திரை, அறிவுச்செல்வியின் கணவன் செத்த பத்தாம் நாள் பிறந்தது. துக்க வீடு என்று தெருவே வடையும் பாயசமும் கொண்டுவந்து கொடுத்தது. அவளும் மகள் தமிழ்மதியும் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை.

“வருசம் திரும்பிருச்சுல்ல அறிவு, இந்த வாட்டி வருசப்பெறப்புக்குப் பாயசம் வைப்பீல்ல?” என்றாள் பக்கத்து வீட்டு மாயம்மாள்.

கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த அறிவுச்செல்வி நிமிரவில்லை.

“இல்லக்கா. மலேசியாவுல இருந்த எங்கொழுந்தன் மூக்கையா போன மாசம் தவறிட்டாரு. பங்காளித் துட்டி. இந்த வருசமும் எங்களுக்கு நல்ல நாள் இல்ல.”

“அடிமேல அடியா விழுகுதே தாயி,” என்று மாயம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

வருசப் பிறப்பன்று காலையில் தூக்குச்சட்டி நிறையப் பாயசத்தோடு வந்தாள். தமிழ்மதி டம்ளர் டம்ளராகக் குடித்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. அரிசி மூட்டையும் ஜவுளிக்கடைப் பையுமாக ஒருவன் இறங்கினான்.

“யாருப்பா?” என்றாள் மாயம்மாள்.

“அறிவு அண்ணிக்குக் கொழுந்தன், மூக்கையா. மலேசியாவுலருந்து வாரேன். அண்ணன் மொகத்தப் பாக்கத்தான் குடுத்து வைக்கல. பிள்ளைக்காச்சும் நல்ல நாளும் அதுவுமா புதுத்துணி குடுப்பமேன்னு வந்தேன்.”

மாயம்மாள் அறிவுச்செல்வியைப் பார்த்தாள். பாதி குறைந்திருந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.