பிடிவாதக்காரத் தொழிலாளி

"போன தடவை என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல?" என்றார் தேர்வாளர், பேனாவைத் திறந்தபடி.

"இருக்கு சார். சட்டப் பிரிவையெல்லாம் வரிசையா ஒப்பிச்சேன். தொழிலாளியா நடிச்சவரு கொட்டாவி விட்டுட்டு எழுந்து போயிட்டாரு."

"இன்னைக்கும் கோட்டை விட்டீங்கன்னா அவ்வளவுதான். இன்னொரு வாய்ப்பு கிடையாது."

அது அவளுக்கும் தெரியும். பெயிண்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியின் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஸ்டோர் கிளார்க்கான அவள் இந்தப் பாதுகாப்புப் பட்டயப் படிப்பில் தேறினால் அது அவளுக்கு. தவறினால் முதலாளியின் மருமகனுக்கு. மருமகனுக்குத் தீயணைப்பான் எந்தப் பக்கம் பீய்ச்சும் என்பதே சந்தேகம்.

எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். மிச்சம் இருந்தது இந்தச் செய்முறைத் தேர்வு. பயிற்சி நிலையத்தின் வழக்கம் இது: நாடகக் குழு ஒன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நடிகர், பாதுகாப்பு விதியை மதிக்காத தொழிலாளியாக வேடமிட்டு வருவார். மாணவர் அவரைப் பேசியே வழிக்குக் கொண்டுவர வேண்டும். யார் வருவார், என்ன பேசுவார் என்பது தேர்வாளருக்கும் தெரியாது.

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் கட்டிங் மிஷின், தோளில் வயர்ச் சுருள், நெற்றியில் பாதுகாப்புக் கண்ணாடி.

"கொஞ்சம் தள்ளிக்குங்க. இந்த ஜன்னல் கம்பியை அறுக்கணும். அவசர வழி வைக்கப் போறாங்களாம்."

'ஆரம்பியுங்கள்' என்று தேர்வாளர் அவளுக்குக் கண்ணைக் காட்டினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். கண்ணாடி நெத்தியில இருக்கே?"

"ஆமா. அங்கதான் இருக்கும்."

"நெத்திக்கு எதுக்குண்ணே கண்ணாடி?"

"தூரத்துல இருந்து மேஸ்திரி பார்த்தா போட்டிருக்கிற மாதிரி தெரியும். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டார்.

"கண்ணுல பொறி விழுந்தா?"

"விழறதுக்குள்ள மூடிக்குவேன்."

"கண்ணை மூடிக்கிட்டுக் கம்பி அறுக்கிறவரை இப்பத்தாண்ணே பார்க்கிறேன்."

"நக்கலா? எங்க மச்சான் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வேலை செஞ்சான். என்ன ஆச்சு? கால்ல இரும்பு விழுந்து கட்டு போட்டுக்கிட்டுக் கிடந்தான்."

"கண்ணாடியைக் காலுக்கா போட்டிருந்தாரு?"

அவர் சிரிக்கவில்லை. மிஷினைத் தரையில் வைத்துவிட்டு முறைத்தார். போன முறை இந்தக் கட்டத்தில்தான் அவள் சட்டத்தைக் கையில் எடுத்திருந்தாள். இப்போதும் ஒரு பிரிவு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"சரிண்ணே. போட்டா என்ன கஷ்டம், அதைச் சொல்லுங்க."

"மூச்சு பட்டு மங்கிடுது. ஒண்ணும் தெரியல. தெரியாம அறுத்தா விரல் போயிடும். கண்ணு வேணுமா, விரல் வேணுமா, நீயே சொல்லும்மா."

"ரெண்டும்தான் வேணும். கொடுங்க பார்ப்போம்."

கண்ணாடியின் ஓரத்தில் காற்று போவதற்கான துளைகள் முழுக்கப் பெயிண்ட் அடைத்திருந்தது. கூந்தலிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துகொண்டே கேட்டாள்: "கடைசியா கண்ணுல தூள் விழுந்தப்ப யாரு எடுத்தாங்க?"

"எங்க வீட்டம்மாதான். துணி முனையை முறுக்கி எடுத்தா, திட்டிக்கிட்டே. சின்னவ டார்ச் பிடிச்சா. வெளிச்சம் ஒரு இடத்துல நிக்கல. என்னடீன்னு பார்த்தா, அழுதுக்கிட்டே பிடிச்சிட்டிருக்கு."

அவள் கண்ணாடியைத் துடைத்து நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டு, வாயைக் குவித்து மேல்நோக்கி ஊதிப் பார்த்தார்.

"அட, மங்கல."

"மங்கினா என்கிட்ட வாங்க."

"சரிம்மா. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் வெளிப்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்." வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "எப்படி சார்?"

தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். "நீங்க பேசினது பரவாயில்ல. அந்த ஆளு நடிப்புதான் சகிக்கல. மேஸ்திரியை ஏமாத்த நெத்தியில கண்ணாடியாம். பொண்ணு அழுதுக்கிட்டே டார்ச் பிடிச்சாளாம். டிவி சீரியல் பார்த்துப் பார்த்துக் கெட்டுப் போயிருக்கான். எந்தத் தொழிலாளியாவது இப்படிப் பேசுவானா?"

"நடிகர் சரியில்லன்னா நான் என்ன சார் பண்ணுவேன்?"

"உங்க நேரம். நிஜத் தொழிலாளி இவ்வளவு சுலபமா மடங்க மாட்டான்மா. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். இதை வச்சு உங்களுக்கு எப்படி மார்க் போடறது? தேறலன்னுதான் எழுதணும்."

மருமகன் அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்வது அவள் கண்ணில் தெரிந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மடிப்புக் கலையாத நீலச் சீருடையில், கன்னத்தில் இரண்டு பக்கமும் அளவாகக் கரி பூசிய ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மன்னிக்கணும் சார், மேக்கப்புக்கு நேரமாயிடுச்சு. பிடிவாதக்காரத் தொழிலாளி வேஷம் நான்தான். எங்க நின்னு ஆரம்பிக்கட்டும்?"

தேர்வாளர் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பொறி பறக்க, கண்ணாடியைச் சரியாகக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒருவர் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தார்.