சிவப்பு நம்பர் போட்ட காம்பரா

வினோதா, கஜேந்திரனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், குடியிருக்கும் ஒற்றையறைக் காம்பராவை மாற்றிக்கொண்ட காசு அது. மலையடி லயத்தில் அவன் குடியிருந்த காம்பராவுக்கு அவள் வந்தாள். ரோட்டு லயத்தில் அவளிருந்த காம்பராவுக்கு அவன் போனான்.

மலையடி லயத்துச் சுவர்களில்தான் அரசாங்க இலாகாக்காரர்கள் சிவப்பு நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

வந்தவர்கள் மலையை அளந்தார்கள், சுவரைத் தட்டினார்கள், சிங்களத்தில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எதற்கென்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

நம்பர் விழுந்த காம்பராவுக்குத் தனி வீடு வரப்போகிறது என்று தோட்டமே முடிவு கட்டியது. ரோட்டு லயத்தில் ஒருத்தி தானே பெயின்ட் வாங்கி நம்பர் எழுதிக்கொண்டாள்.

வினோதா காதுத் தோட்டை விற்று, பாக்கிக்குத் தவணை சொல்லி, இரண்டு பெண்பிள்ளைகளோடு குடிவந்தாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான்.

இப்போது கஜேந்திரனுக்கு மனம் மாறிவிட்டது. போன வாரம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"தகவல் சட்டத்துல எழுதிப் போட்டிருக்கேன்க்கா. அளந்துட்டுப் போன அறிக்கைய மறைக்க ஏலாதாம். வீடு எப்ப, யாருக்குன்னு தெரிஞ்சிரும். அதுக்குள்ள பாக்கிய வைங்க, இல்லாட்டி காம்பராவ விடுங்க."

"வெள்ளக்காரன் கட்டுன லயத்துக்கு இவருகிட்டதான் உறுதிப் பத்திரம் இருக்கு" என்றாள் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள். எல்லோரும் சிரித்தார்கள். வினோதா கூடையை எடுத்துக்கொண்டு அவன் கண்ணில் படாமல் நழுவினாள்.

இன்று அவன் பதில் வாங்க ஹட்டன் டவுனில் இருக்கும் இலாகா ஆபீஸுக்குப் போயிருக்கிறான்.

விடாத மழை. அவள் லைட்டை அணைத்து, பிள்ளைகளைப் போர்வைக்குள் ஒடுக்கி, ஆளில்லாத வீடுபோல் வைத்திருந்தாள். மூத்தவள் இருமினாள். ஓடிப்போய் வாயைப் பொத்தினாள்.

பொழுது இறங்கும் நேரம் கதவு அதிர்ந்தது.

"அக்கா, தொறங்க."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் போகவில்லை. கதவை உடைத்துவிடுவான் என்று பயந்து, எழுந்து இழுத்தாள். வரவில்லை. மழைக்குக் கதவு ஊதிவிட்டதென்று அவள் நினைத்திருந்தாள். அவன் வெளியே இருந்து ஓங்கி உதைத்தான்.

கதவு சரிந்து திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றான்.

"தம்பி, இப்ப இத வச்சுக்கங்க. மிச்சத்த சம்பளத்துக்குத் தந்துர்றேன். எறக்கி மட்டும் விட்றாதீங்க." இடுப்பில் முடிந்திருந்த நாலாயிரத்தை நீட்டினாள்.

அவன் காசைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான்.

"நாலு மாசமா அறிக்கைய ஆபீஸ் போர்டுல ஒட்டித்தான் வச்சிருக்காங்கக்கா, சிங்களத்துல. நாங்க எங்க மறைச்சோம்னு கேக்குறாங்க."

"அப்ப வீடு எப்ப வருதாம்?"

"நம்பர் வீட்டுக்குப் போட்டது இல்ல. மண்ணு சரியிற எடமாம். மழை வந்தா ஆள் இருக்கக் கூடாதாம். கதவு இறுகுனா நெலம் நகருதுன்னு அர்த்தமாம்."

சொல்லிக்கொண்டே சின்னவளைப் போர்வையோடு வாரி அவள் தோளில் போட்டான். மூத்தவளின் கையை அவள் கையில் பிடித்துக் கொடுத்தான்.

"உங்க பழைய காம்பரா தொறந்துதான் கெடக்கு. போங்க."

வெளியே போய் அடுத்த கதவைத் தட்டினான். உள்ளே ஆள் சத்தம் கேட்டது. அந்தக் கதவும் நிலையை விட்டு வரவில்லை. உதைக்கத் தொடங்கினான்.

வினோதா மழையில் நின்றுகொண்டே இருந்தாள். நோட்டுகள் இன்னும் விரலிடுக்கில் இருந்தன.

"தம்பி, பாக்கி…"

அவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

"அது கழிஞ்சுபோச்சுக்கா. நடங்க."