இரண்டு மூட்டை மணல்

"வேடுக்கு இது தெரியவே கூடாது, மார்லா. வாயைத் திறந்துடாத."

ஆர்லனின் குரல். மெக்கானிக் மார்லாவின் பட்டறை வாசலில் கால் வைத்த வேட் அப்படியே நின்றுவிட்டான்.

தெரியக் கூடாதா? எது?

மறுநாள் கார் கிளப்பின் கடைசிப் போட்டி. பழைய விமான ஓடுதளத்தில் கூம்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொருவராக வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். குறைந்த நேரம் எடுத்தவனுக்கு அதிகப் புள்ளி; வருஷக் கடைசியில் புள்ளியில் முந்துகிறவனுக்குக் கோப்பை. மூன்று வருஷமாக அது ஆர்லன் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. இந்த வருஷம் அவனுக்கும் வேடுக்கும் சமமான புள்ளி. ஓஹையோவில் பனி விழ ஆரம்பித்தால் அப்புறம் வசந்தம்வரை காரை எடுக்க முடியாது. நாளைக்கு விட்டால் விட்டதுதான்.

அந்த நேரம் பார்த்து வேடின் காரில் கியர் பெட்டி உடைந்து தொலைந்தது.

"அதுக்கென்னடா, என் கார்லயே நீயும் ஓட்டு" என்றான் ஆர்லன். "ரெண்டு பேருக்கும் ஒரே கார்."

கிளப்பே ஆர்லனை மெச்சியது. வேடுக்கு மட்டும் உறுத்தல். எதிராளி கையில் சாவியைக் கொடுக்கிறவன் உலகத்தில் உண்டா?

தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனான். ஆர்லனின் அவ்வளவு பெரிய உடம்பு திடுக்கிட்டதைப் பார்க்க வேண்டுமே!

"அட, நீ எங்கடா இங்க?"

"ஓட்டப்போறவன் காரைப் பார்க்க வரக்கூடாதா? ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் மாத்துறியாமே. எது போட்ட, இறுக்கமானதா, இளக்கமானதா?"

ஆர்லனுக்குக் கார் கல் மாதிரி இறுகி நிற்க வேண்டும். வேடுக்குக் கொஞ்சம் நெளிந்து கொடுக்க வேண்டும். இது கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"நாளைக்கு ஓட்டும்போது தெரிஞ்சுட்டுப் போகுது" என்றான் ஆர்லன்.

"இப்ப சொன்னா என்ன?"

"சும்மா இருடா. காபி குடிக்கிறியா?"

கார் நாலு தராசுகளின் மேல் ஏறி நின்றது, சக்கரத்துக்கு ஒன்றாக. டிரைவர் சீட்டில் கித்தான் போட்டு மூடிய மணல் மூட்டைகள். ஓட்டுகிறவன் எவ்வளவு கனமோ அவ்வளவு மணலை வைத்துத்தான் மார்லா ஸ்பிரிங்குகளை ஏற்றி இறக்குவாள். அந்தக் கனத்துக்காரன் உட்கார்ந்தால் கார் சொன்ன பேச்சைக் கேட்கும். வேறு ஆள் உட்கார்ந்தால் வளைவில் முரண்டு பிடிக்கும்.

ஆர்லன் யானை. வேட் ஒட்டடைக்குச்சி.

'அடப்பாவி! இதுக்குத்தான் கூப்பிட்டியா?' வேட் மூட்டைகளை முறைத்தான்.

"யார் கனத்துக்கு வெச்சிருக்க, மார்லா?"

மார்லா ஆர்லனைப் பார்த்தாள். ஆர்லன் கூரையைப் பார்த்தான்.

"கார் யாருதோ அவர் சொன்னபடி வெச்சிருக்கேன்" என்றாள் அவள். "ஆர்லன், கழட்டின பழசை எல்லாம் உன் டிரக்குல ஏத்தணும். வந்து ஒரு கை பிடி."

இருவரும் பின்பக்கம் போனார்கள்.

தராசின் சுவிட்சை இன்னும் போடவில்லை. வேட் சுற்றுமுற்றும் பார்த்தான். கித்தானுக்கு அடியில் கையை விட்டு இரண்டு மூட்டைகளை உருவி, டயர் குவியலுக்குப் பின்னால் தள்ளினான். கித்தானை நீவி விட்டான்.

'இதுல என்ன தப்பு? அவன் பண்ற அநியாயத்துல பாதியைக் குறைச்சேன், அவ்வளவுதானே!'

மார்லா வந்து தராசின் சுவிட்சைப் போட்டாள். புருவத்தைச் சுருக்கினாள். வேட் டயர் குவியலை மறைத்துக்கொண்டு நின்றான்.

"புது ஸ்பிரிங்... அதான் இப்படிக் காட்டுது போல" என்று முணுமுணுத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

மறுநாள் ஆர்லன்தான் முதலில் ஓட்டினான். ஐயோ, அது ஆர்லன் ஓட்டுகிற மாதிரியே இல்லை! கார் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. கூம்புகள் சாய்ந்தன. கூட்டம் உச்சுக் கொட்டியது.

'எல்லாம் நம்ம கைவேலை!' வேடுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அடுத்தது அவன் முறை. சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஆர்லன் குனிந்து பெல்ட்டை இறுக்கிவிட்டான். தோற்கப்போகிறவன் முகத்தில் இவ்வளவு பெரிய இளிப்பா?

"நான் ஓட்டினதைப் பார்த்துச் சிரிக்காதடா" என்றான் ஆர்லன். "இந்த இளக்கமான ஷாக் அப்சார்பர் எனக்கு ஒத்துவராதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

"இளக்கமானதா?" என்றான் வேட். "ஏன்?"

"உனக்கு அதுதானே பிடிக்கும்? எனக்குத் தச்ச கார்ல உன்னை உட்கார வெச்சு ஜெயிச்சா, அது ஒரு ஜெயிப்பாடா? முன்னாடியே சொல்லியிருந்தா ரோஷக்காரன் நீ, வேணாம்னு போயிருப்ப."

கொடிக்காரர் கையை உயர்த்தினார். ஆர்லன் கார்க் கூரையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"உன் பொண்டாட்டிகிட்ட உன் கனத்தைக் கேட்டு, சீட்டுல மூட்டையும் உனக்குத்தான்டா வெச்சோம். ஒரு பிடி மணல்கூடக் குறையாம நானே என் கையால அடுக்கினேன். போ, ஜெயிச்சுட்டு வா!"